டப்பாவை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?

சென்னையிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. அவருடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், வாரத்துக்கு 3 தடவை டயாலிஸிஸ் நடக்கிறது. கணவரின் அக்கா, அதாவது கடிதம் எழுதியவரின் நாத்தனார், தம்முடைய சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாத்தனார் என்றால் தொடர்கதைகளில் பொல்லாதவளாகத்தான் வருவாள். நிஜ வாழ்க்கையில் இப்படியும் இருக்கிறார்கள்!

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு மூட்டைப் பரிசோதனைகள். ரத்தம், இருதயம், எக்ஸ்ரே, பல் டாக்டர்கூட. எல்லாவற்றுக்கும் பொறுமையாக உட்கார்ந்தவர்கள், கடைசியில் நர்ஸ் சின்னச் சின்ன டப்பாக்களைக் கொடுத்து, "மூன்று நாள் மலப் பரிசோதனை, அக்காவுக்கும் சேர்த்து" என்றதும் முகம் சுளித்துவிட்டார்கள். அதோடு நிற்காமல் டாக்டர், "சின்ன வயதில் செருப்பில்லாமல் நடந்ததுண்டா? வயல், தோட்டம் என்று பழகியதுண்டா?" என்றும் கேட்டாராம். நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்கள் என்ன காட்டிலும் மேட்டிலுமா வளர்ந்தோம்? போன தீபாவளிக்குக்கூட எல்லோரும் பூச்சி மாத்திரை போட்டுக்கொண்டாயிற்று" என்று சொல்லி டப்பாக்களைக் காலியாகவே திருப்பி அனுப்பிவிட்டார்.

"நாங்கள் செய்தது சரிதானே?" என்று சகோதரி கேட்கிறார்.

சரியில்லை, அம்மா. அந்த டப்பாக்களை நாளைக்கே திரும்ப வாங்கி வாருங்கள். ஏன் என்று சொல்கிறேன். இது உங்கள் ஒரு வீட்டு விஷயம் இல்லை என்பதால் மற்ற சகோதரிகளும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

சிறுநீரகத்தை ஒருவர் உடம்பிலிருந்து எடுத்து இன்னொருவர் உடம்பில் வைத்து வெற்றி கண்டது 1954-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில். ஜோசப் மர்ரே என்ற டாக்டர் செய்தார். கொடுத்தவரும் வாங்கிக்கொண்டவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைச் சகோதரர்கள். ஆகவே வாங்கிக்கொண்டவரின் உடம்பு, வந்த உறுப்பை அந்நியம் என்று நினைக்கவே இல்லை. நமக்கெல்லாம் இரட்டைப் பிறவி கிடைக்குமா? கூடப் பிறந்த அக்காவாகவே இருந்தாலும், தம்பியின் உடம்பு அவருடைய சிறுநீரகத்தை வேற்றாளாகத்தான் பார்க்கும். நம் தேகத்துக்குள் ஒரு காவற்காரன் இருக்கிறான். வெளியிலிருந்து எது வந்தாலும் அடித்து விரட்டுவது அவன் வேலை. அவனை அரைத் தூக்கத்தில் வைத்திருந்தால்தான் புதுச் சிறுநீரகம் பிழைக்கும். அதற்காகத்தான் மாற்று ஆபரேஷன் ஆனவர்கள் ஸ்டீராய்டு முதலான மருந்துகளை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1971-ல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்த நாளிலிருந்து இன்றுவரை மருந்துகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் காவற்காரனைத் தூங்க வைக்கவேண்டும் என்பது மாறவில்லை.

காவற்காரன் தூங்கும்போது வெளியிலிருந்து திருடன் வருவானே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கையைக் கழுவுகிறோம், முகமூடி போடுகிறோம். திருடன் ஏற்கெனவே வீட்டுப் பரணில் ஏறி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? டாக்டர் டப்பா கொடுத்தது அதைப் பார்க்கத்தான்.

அந்தத் திருடனுக்கு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று பெயர். கீரைப் பூச்சி, நாடாப் புழு, கொக்கிப் புழு என்று மற்றவற்றுக்கெல்லாம் வீட்டில் வழங்கும் பெயர் இருக்கிறது. இதற்கு இல்லை. காரணம், இதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. முழுதாக வளர்ந்த புழுவே 2 மில்லிமீட்டர் நீளந்தான். தலைமயிரை விட மெல்லியது. சிறுகுடலின் சுவருக்குள்ளே புதைந்து கிடக்கும். அங்கே குடியிருப்பது பெண் புழு மட்டுமே. ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டுக் குடும்பம் பெருக்கும் சாமர்த்தியசாலி! முட்டைகள் குடலிலேயே பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்களாக மலத்தோடு வெளியே வரும். ஈரமான மண்ணில் விழுந்து முற்றிய பிறகு, செருப்பில்லாத பாதம் ஒன்று அந்த மண்ணில் படும்வரை காத்திருக்கும். பட்டதும் தோலைத் துளைத்து உள்ளே போய், ரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறி, தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலை அடையும். முள் குத்தினால்கூடத் தெரிகிறது, இது தெரியாது.

கொக்கிப் புழுவும் இதே வழியில்தானே வருகிறது என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் கொக்கிப் புழு சில வருஷங்களில் கிழடாகிச் செத்துவிடும். மறுபடி மண்ணில் நடந்தால்தான் புதிதாக வரும். ஸ்ட்ராங்கிலாய்டிஸ் அப்படியில்லை. அதன் குஞ்சுகளில் சில, வெளியே போகாமலே குடலுக்குள் முற்றிவிடும். குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றிய தோலையோ துளைத்துக்கொண்டு மறுபடி உடம்புக்குள்ளேயே பிரயாணம் செய்து குடலுக்கு வந்து சேரும். தாய் செத்தாலும் மகள், மகளுக்குப் பின் பேத்தி என்று வம்சம் அறுபடாது. 10 வயதில் பாட்டி ஊர்த் தோட்டத்தில் ஒரு கோடை விடுமுறை வெறுங்காலோடு ஓடியாடியது போதும்; 50 வயதிலும் அது உள்ளே இருக்கலாம்.

இது கற்பனை இல்லை. இந்தப் புழுவை முதலில் கண்டுபிடித்தது 1876-ல், பிரான்ஸ் தேசத்துத் தூலோன் துறைமுகத்தில். கொச்சின்-சைனாவிலிருந்து, அதாவது இன்றைய வியட்நாமின் தென்பகுதியிலிருந்து, ஓயாத பேதியோடு திரும்பிய சிப்பாய்களைப் பரிசோதித்த லூயி நார்மாந்த் என்ற கடற்படை டாக்டர் கண்டார். அது எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பது தெரிய இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில், 1942-43-ல் ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட்டார்களே, நினைவிருக்கிறதா? மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் அங்கே கொண்டுபோய் வதைத்தார்கள். அந்தப் பாதையில் சேற்றில் நின்று வேலை செய்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் சொந்த ஊருக்குத் திரும்பி, வேலை பார்த்து, பேரன் பேத்தி எடுத்த பிறகு, 35, 40 வருஷங்கள் கழித்து டாக்டர்கள் அவர்களைப் பரிசோதித்தார்கள். பலருடைய குடலில் அந்தப் பர்மாச் சேற்றின் புழு அப்படியே இருந்தது. குளிர் தேசம், கம்பளிக் காலுறை, பளபளக்கும் பூட்ஸு, எதுவும் அதை அசைக்கவில்லை. ஆகவே, "இப்போது நாங்கள் அடுக்கு மாடி வீட்டில் இருக்கிறோம், தினம் இரண்டு வேளை ஸ்நானம் செய்கிறோம்" என்பதெல்லாம் டாக்டரின் கேள்விக்குப் பதில் ஆகாது. அவர் இன்றைய சுத்தத்தைக் கேட்கவில்லை. அன்றைய காலைக் கேட்கிறார். நம்மில் வெறுங்காலோடு வளராதவர்கள் எத்தனை பேர்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்களும், இந்தப் புழு நாம் எண்ணியதைக் காட்டிலும் ஜாஸ்தியாகவே இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

இத்தனை வருஷம் உள்ளே இருந்து அது என்ன கெடுதல் செய்தது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. சிலருக்கு மேல்வயிற்றில் எரிச்சல். சிலருக்கு அவ்வப்போது பேதி. சிலருக்குத் தொடையிலோ இடுப்பிலோ சிவப்பாக ஒரு கோடு போல அரிப்புத் தடித்து, ஒரு மணி நேரத்தில் சில அங்குலம் நகர்ந்துபோகும். நகரும் அரிப்பைக் கண்டால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது புழு தோலுக்கடியில் போகும் தடம். மற்றப்படி காவற்காரன் விழித்திருக்கும் வரையில் திருடன் பரணை விட்டு இறங்குவதில்லை.

ஸ்டீராய்டு உள்ளே போனதும் கதை தலைகீழாகிவிடுகிறது. குஞ்சுப் புழுக்கள் கணக்கில்லாமல் பெருகும். ஆயிரக்கணக்கில் குடல் சுவரைத் துளைத்து நுரையீரலுக்கும், சில சமயம் மூளைக்கும்கூடப் போகும். போகும்போது சும்மா போகாது. குடலிலுள்ள கிருமிகளையும் மேலே ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் கலந்துவிடும். காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, ரத்தத்தில் விஷம் ஏறியது போன்ற நிலை. இதெல்லாம் மாற்று ஆபரேஷன் ஆன முதல் சில மாதங்களில்தான் அதிகம் நேர்கிறது. அந்தச் சமயத்தில் மூச்சிரைப்புக்கு நூறு காரணம் இருக்கலாம். புழு யார் நினைவுக்கும் வராது. ஆஸ்த்மா மாதிரி இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஸ்டீராய்டு கொடுத்தால், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதை. இந்த நிலைக்கு வந்துவிட்டவர்களில் பாதிக்குமேல் இறந்துபோனதாகப் பல ஆஸ்பத்திரிக் குறிப்புகள் சொல்கின்றன. அக்கா கொடுத்த சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே தம்பியை இழப்பது என்றால் எப்படிப்பட்ட துயரம், யோசித்துப் பாருங்கள்.

அதே புழுவை ஆபரேஷனுக்கு முன்னாலேயே கண்டுபிடித்தால்? ஐவர்மெக்டின் என்ற மாத்திரை, உடம்பின் எடைக்குத் தக்கபடி ஒரு நாளோ இரண்டு நாளோ. பெரும்பாலும் 2 வாரம் கழித்து இன்னொரு முறை. அவ்வளவுதான். எவ்வளவு பெரிய ஆபத்துக்கு எவ்வளவு சின்னப் பரிகாரம்! இந்த மருந்து பிறந்த கதையும் ரசமானது. ஜப்பானில் சதோஷி ஓமுரா என்ற விஞ்ஞானி எங்கே போனாலும் ஒரு கரண்டி மண்ணை எடுத்து வருவாராம். கோல்ப் மைதானம் ஒன்றின் பக்கத்தில் எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து, அமெரிக்காவில் வில்லியம் காம்பெல் என்பவரின் கூட்டத்தார் இந்த மருந்தை உருவாக்கினார்கள். இருவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. மண்ணிலிருந்து வந்த புழுவுக்கு மண்ணிலிருந்தே மருந்து! கோவிட் சமயத்தில் இதே மாத்திரையைக் கோவிட்டுக்கு மருந்து என்று பலர் வாங்கி விழுங்கினார்கள். அதற்கு அது உதவவில்லை. ஆனால் அப்போதும், 2020-ல், கோவிட் நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு கொடுக்கும் முன் இந்தப் புழுவை நினைவில் வையுங்கள் என்று விவரம் தெரிந்த டாக்டர்கள் எச்சரித்தார்கள்.

இனி நாத்தனாரின் தீபாவளி மாத்திரைக்கு வருகிறேன். நாம் வீட்டில் போட்டுக்கொள்வதும், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அல்பெண்டசோல். உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப் புழுவுக்கும் நல்ல மருந்து. கட்டாயம் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு வேளை போட்டுக்கொண்ட அல்பெண்டசோலைக் கண்டு ஸ்ட்ராங்கிலாய்டிஸ் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. ஆகையால் "மாத்திரை போட்டாயிற்று" என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்; அதையே சாக்காக வைத்துப் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

"கொடுக்கப் போகிறவருக்கு எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். புழுவின் குஞ்சுகள் உறுப்போடு சேர்ந்தே போய், வாங்கிக்கொண்டவரைப் பீடித்த சம்பவங்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே தம்பியைப் போலவே அக்காவுக்கும் பரிசோதனை வேண்டும். நம் தேசத்தில் உயிரோடிருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெண்களே பெரும்பாலோர். மனைவி, தாய், அக்கா. உறுப்பையே கொடுக்கத் துணிந்தவர்கள் டப்பாவுக்குக் கூச்சப்படுவது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது!

உறவில் கொடுப்பவர் இல்லாமல், இறந்தவர்களின் தானத்துக்காக அரசாங்கப் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருப்பவர்கள் இன்னும் சுருக்காகவே இதை முடித்துவிட வேண்டும். அந்த அழைப்பு நடுநிசியில் வரும். வந்த சில மணி நேரத்தில் ஆபரேஷன் மேஜைக்குப் போகவேண்டியிருக்கும். அப்போது மூன்று நாள் டப்பாவுக்கு எங்கே போவது? காத்திருக்கும் மாதங்கள் வீண் என்று நினைக்காமல் இந்த மாதிரி வேலைகளுக்கு உபயோகித்துக்கொள்ள வேண்டும்.

கொக்கிப் புழுவையும் அலட்சியம் செய்ய முடியாது. டயாலிஸிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. புழுவும் பங்குக்கு வந்தால் கேட்க வேண்டாம். ரத்தம் குறைந்ததென்று பிறர் ரத்தத்தை ஏற்றினால், உடம்பு அந்நியத் திசுக்களை எதிர்க்கப் பழகிக்கொண்டு, பிறகு பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதே சிரமமாகிவிடக்கூடும். ஒரு புழு எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்!

தண்ணீரில் வரும் நுண்ணுயிர்களும் உண்டு. ஜியார்டியா ஒன்று, கிரிப்டோஸ்போரிடியம் என்று வாயில் நுழையாத பெயர் கொண்டது இன்னொன்று. பின்னதற்குக் குழாய்த் தண்ணீரில் போடும் குளோரின் ஒரு பொருட்டே இல்லை. கொதி வந்தால்தான் சாகும். ஆகவே நோயாளிக்கு நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர்தான். எவ்வளவு குடிக்கலாம் என்பதை மட்டும் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் போகவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். "பூச்சிக்கு" என்று வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுக்காதீர்கள். பாட்டி வைத்தியத்துக்கு நான் விரோதி அல்ல. ரசத்தில் போடும் மிளகுக்கும் சுக்குக்கும் எத்தனையோ முறை இந்தப் பகுதியில் சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் பூச்சிக்கென்றே நாட்டுப்புறத்தில் வழங்கும் ஆடுதீண்டாப்பாளை என்ற மூலிகை எந்த இனத்தைச் சேர்ந்ததோ, அந்த இனத்துச் செடிகளில் சிறுநீரகத்தையே நாசம் செய்யும் நஞ்சு இருக்கிறது. 1990-களின் ஆரம்பத்தில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்க வேண்டும் என்று மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. விசாரித்துப் பார்த்ததில், மருந்தில் கலந்திருந்தது இதே இனத்து மூலிகை ஒன்று. ஆடே தீண்டாததை நாம் ஏன் தீண்டவேண்டும்? ஐவர்மெக்டினையும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு அது கொடுப்பதில்லை. நோயாளி சாப்பிடும் மற்ற மருந்துகளையும் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் உங்கள் உறவினர் யாராவது மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்தால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அனுப்புங்கள். அந்த ஊர் டாக்டருக்கு, எதிரில் கோட்டும் ஸூட்டுமாக உட்கார்ந்திருப்பவர் சின்ன வயதில் வயல் வரப்பில் ஓடினவர் என்று எப்படித் தெரியும்? நாமாகச் சொன்னால்தான் உண்டு. ஆஸ்த்மாவுக்கும் மூட்டு வலிக்கும் நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடத் தொடங்குகிறவர்களும் தங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, டப்பா விஷயம். மூன்று நாள் எதற்கு என்றால், இந்தப் புழு தினமும் குஞ்சுகளை வெளியே அனுப்புவதில்லை, அனுப்பினாலும் கொஞ்சந்தான். ஒரு நாள் பார்த்து "இல்லை" என்றால் அது நிச்சயம் ஆகாது. சில ஆஸ்பத்திரிகளில் ரத்தத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். சில இடங்களில், நாம் வீட்டில் இனிப்புச் செய்யும் சைனா கிராஸ் இருக்கிறதல்லவா, அதே கடற்பாசிக் கூழைத் தட்டில் உறைய வைத்து அதன்மேல் கொஞ்சம் மலத்தை வைத்துவிடுவார்கள். உள்ளே புழு இருந்தால் இரண்டொரு நாளில் தட்டின் மேல் ஊர்ந்து, போன வழியெல்லாம் கிருமி வளர்ந்து, கோலம் இழைத்ததுபோலக் கோடுகள் தெரியும். புழு உயிரோடு இருந்தால்தானே கோலம் போடும்? ஆகையால் காலையில் எடுத்ததைக் காலையிலேயே பரிசோதனைச் சாலையில் சேர்த்துவிடுங்கள். தண்ணீரோ சிறுநீரோ கலக்கக் கூடாது. டப்பாவின் மேல் பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். தம்பியுடையதும் அக்காவுடையதும் மாறிப்போனால் சிரமம். கெட்டுவிடுமே என்று நினைத்து ஃபிரிட்ஜில் மாத்திரம் வைத்துவிடாதீர்கள். குளிரில் குஞ்சுகள் செத்துப்போனால் உங்கள் பரிசோதனை பொய்யாகிவிடும். பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அதை வைக்க உங்களுக்கும் மனசு வராது என்பது வேறு விஷயம்!

அடுத்த வாரம், டயாலிஸிஸ் நோயாளிகளுக்குக் காய்கறியை எப்படி வேகவைத்து வடிக்கவேண்டும் என்று இரண்டு நேயர்கள் கேட்டிருப்பதற்குப் பதில்.